மேற்கோள் குறிக்குள் ஒரு பள்ளிவாசல்

மூன்று வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் குறி போட்டேன். ‘பள்ளிவாசல்’ என்று. தமிழ் முஸ்லிம் இதழ்களின் மொழிநடையைப் பற்றிய கட்டுரை அது. போகிற போக்கில் அஹ்மதியாக்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வரும். அவர்கள் தொழும் இடத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் கை தானாகக் குறி போட்டுவிட்டது. யோசித்துச் செய்ததல்ல. யோசிக்காமல் செய்ததுதான் இப்போது உறுத்துகிறது.

கட்டுரை வந்து ஒரு வாரம் கழித்து ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார். நாலே வரி. “கோயிலுக்கு நீங்க குறி போடல, சர்ச்சுக்குப் போடல, தர்காவுக்கும் போடல. இதுக்கு மட்டும் ஏன் சார் போட்டீங்க?” கோபம் எதுவும் இல்லை, கேள்விதான். பதில் எழுதுகிறேன் என்று நினைத்து நினைத்து எழுதவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த மின்னஞ்சலுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான, தாமதமான பதில்.

நான் இப்போது குடியிருப்பது திருவிடந்தையில். சொந்த ஊர் கொஞ்சம் வடக்கே கோவளம். அத்தாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஈசிஆரில் போகிறவர்களுக்குத் திருவிடந்தை என்றால் கல்யாண மாலையோடு சுற்றிவரும் ஆட்கள்தான் ஞாபகம் வரும். நித்யகல்யாணப் பெருமாள், திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. காலவ மகரிஷியின் 360 பெண்களை வராகமூர்த்தி ஒரு நாளைக்கு ஒருவராக மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். திருவை இடப்பக்கம் வைத்த எந்தை, திருவிடவெந்தை. ஊரின் பெயரைப் பிரித்துப் படித்தாலே கதை வந்துவிடும். கோவளத்துக் கதை வேறு. நபித்தோழர் தமீமுல் அன்சாரியின் உடல் ஒரு பெட்டியில் கடலோடு மிதந்து வந்து எங்கள் கரையில் ஒதுங்கியது, மீனவர்கள் கண்டெடுத்தார்கள் என்பார்கள். அந்த அடக்கத்தலம்தான் தர்கா. தெற்கே மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் வெறும் தரையில் பள்ளிகொண்டிருக்கிறார்.

இந்தப் ‘பள்ளி’யை எழுத்துக்காரன் சும்மா கடந்துபோக முடியாது. (இங்கே போட்ட குறி வேறு வகை, மன்னித்துவிடுங்கள்.) பெருமாள் படுப்பதும் பள்ளி. சமணத் துறவிகள் இருந்ததும் பள்ளி. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் திருப்புல்லாணிக் கல்வெட்டு சோனகச் சாமந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறது. அது முஸ்லிம்களின் பள்ளி. வைணவக் கோயிலின் சுவரில் அந்தச் செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் படிக்கப்போவதும் பள்ளிக்குத்தான். இத்தனை பேர் புழங்கிய சொல் இது. யாரும் யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்டதாகத் தெரியவில்லை. நான் மட்டும் அதன் வாசலில் இரண்டு காவலாளிகளை நிறுத்தினேன்.

எனக்கு முன்பே ஒரு அரசாங்கம் இதைச் சட்டமாகவே செய்திருக்கிறது. பாகிஸ்தான் 1974 செப்டம்பர் 7 அன்று அரசியல் சட்டத்தைத் திருத்தி அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது. 1984 ஏப்ரலில் ஜியா உல் ஹக் கொண்டுவந்த இருபதாவது அவசரச் சட்டம் இன்னும் உள்ளே போனது. அஹ்மதியா ஒருவர் தன் தொழுகையிடத்தை மஸ்ஜித் என்று சொல்லக்கூடாது, தொழுகைக்கு அழைப்பதை பாங்கு என்று சொல்லக்கூடாது, பாங்கு சொல்லவும் கூடாது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை. கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் பெயர்ச்சொல்லை மட்டும் பறிமுதல் செய்த சட்டம் என்று இதைச் சொல்லலாம். கட்டடத்தையும் பிறகு சும்மா விடவில்லை, மினாராக்களை இடித்தார்கள். 1993இல் இந்தச் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் வணிகச் சின்னங்களைப் பற்றிய வாதம் ஒன்று உண்டு. கோகோ கோலா கம்பெனி தன் பெயர் போட்ட பாட்டிலில் வேறொருவன் தன் சரக்கை ஊற்றி விற்க விடுமா என்கிற ரீதியில் போகும். முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு என் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட குறியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாட்டில் இவர்களுடையதல்ல என்று வாசகரின் காதில் கிசுகிசுக்கிறது.

பிப்ரவரியில் அம்ரித்சர் பக்கம் போகவேண்டிய வேலை வந்தது. அங்கிருந்து பட்டாலா வழியாகக் காதியான். கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். குர்தாஸ்பூர் மாவட்டத்துச் சின்ன ஊர். சந்துகளுக்கு மேலே வெள்ளை மினாரா ஒன்று எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதன் அடியில் இருப்பது மஸ்ஜித் அக்ஸா. ஜெருசலேம் அக்ஸாவின் பெயர்தான்.

இந்தப் பள்ளியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அஹ்மதியா இயக்கத்தை ஆரம்பித்த மிர்சா குலாம் அஹ்மத் இல்லை, அவருடைய அப்பா மிர்சா குலாம் முர்தஸா. சீக்கியர் காலத்தில் கைவிட்டுப்போன குடும்பத்துக் கிராமங்களை மீட்க வாழ்நாள் முழுக்க கோர்ட்டும் கச்சேரியுமாக அலைந்த மனிதர். காசும் போனது, காலமும் போனது, கிராமங்கள் திரும்பவில்லை. இந்த உலகத்துக்காக ஓடிய ஓட்டத்தை வேறெதற்காவது ஓடியிருக்கலாமே என்ற வருத்தம் கடைசிக் காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது என்று மகனே எழுதியிருக்கிறார். அந்த வருத்தத்தில்தான் ஊர் நடுவே பள்ளி கட்டினார். 1876இல் கட்டி முடிகிற நேரத்தில் இறந்துபோனார். பள்ளியின் ஒரு மூலையில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார், இறைவனின் பெயர் காதில் விழுந்துகொண்டிருக்கும் என்று. இன்றும் அங்கேதான் இருக்கிறார். இந்த மனிதருக்கு மசீஹும் தெரியாது, மஹ்தியும் தெரியாது. மகன் லூதியானாவில் முதல் பைஅத் வாங்கி இயக்கத்தைத் தொடங்கியது 1889இல். ஆக இந்தப் பள்ளி பிறக்கும்போது எல்லா ஊரிலும் இருப்பது போன்ற ஒரு பள்ளிதான். அதற்கு யாரும் குறி போட்டிருக்க மாட்டார்கள். அதே செங்கல், அதே கிப்லா. 13 வருடம் கழித்து அது என்னவாயிற்று? இதை நான் எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன், பதில் சொல்ல வரவில்லை.

1900 ஏப்ரல் 11, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மகன் இதே பள்ளியில் அரபியில் ஒரு பிரசங்கம் செய்தார். எழுதிவைத்துப் படித்ததில்லை, அந்த நேரத்தில் உதித்தது என்பார்கள். குத்பா இல்ஹாமிய்யா என்று பெயர். அவர்களுக்கு அது ஒரு அற்புதம். குர்ஆனில் வரும் தூரத்துப் பள்ளி என்ற சொல்லுக்கு, காலத்தால் தூரமான இந்தப் பள்ளியும் ஒரு பொருள் என்று அவர்கள் வாசிக்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன், இந்த வாசிப்பு எனக்கு ஒட்டவில்லை. ஒரு பிரதிக்குள் தன் ஊரைக் கண்டுபிடிக்கும் ஆசை எல்லா மதத்திலும் உண்டு, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அது காதியானுக்கே வந்து நின்றால் வாசகனுக்கு மூச்சு முட்டுகிறது.

மினாராவின் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. ஈசா நபி டமாஸ்கஸுக்குக் கிழக்கே ஒரு வெள்ளை மினாரா அருகில் இறங்குவார் என்று ஹதீஸ் உண்டு. பெரும்பாலான முஸ்லிம்கள் இதை நேர்ப்பொருளில் நம்புகிறார்கள். குலாம் அஹ்மத் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஈசா வானத்துக்கு ஏறவில்லை, மற்ற நபிமார்களைப் போல மரணமடைந்தார். இறங்குவது என்பது உருவகம். வரவேண்டியவர் ஈசாவின் சாயலில் வரும் வேறொருவர், அது நான்தான் என்றார். சரி, உருவகம் என்றாகிவிட்டது. அப்புறம் எதற்கு மினாரா? 1903 மார்ச் 13 அன்று அடிக்கல் போட்டார்களே! இறங்கவேண்டியவர் முதலில் இறங்கிவிட்டு, பிறகு தான் இறங்கவேண்டிய மினாராவைக் கட்ட ஆரம்பிக்கிறார். அந்தக் காலத்திலேயே இதைக் கேலி செய்திருக்கிறார்கள்.

கேலியோடு விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் சொன்ன காரணங்களைப் படித்தபோது யோசனை மாறியது. மினாராவுக்கு மூன்று வேலைகள் என்றார். மேலிருந்து பாங்கு சொல்லவேண்டும். உச்சியில் பெரிய விளக்கு எரியவேண்டும். பிறகு ஒரு கடிகாரம், ஊருக்கே தெரிகிற மாதிரி. காலத்தை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அந்த மூன்றாவதில் நின்றுவிட்டேன். உருவகத்தை உருவகமாகவே விட்டுவைக்க அவரால் முடியவில்லை. ஹதீஸில் இருக்கும் மினாராவைத் தரைக்குக் கொண்டுவந்து, மணி பார்க்கிற ஒரு பொருளை அதில் மாட்ட நினைத்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டு பிறந்திருக்கிறது, ஊருக்கு ஊர் மணிக்கூண்டு எழும்பிக்கொண்டிருக்கிறது, தந்தியும் ரயிலும் அச்சகமும் வந்துவிட்டன. யுகம் மாறிவிட்டது என்று சொல்ல வந்த ஒருவருக்குக் கடிகாரத்தைவிட நல்ல படிமம் எங்கே கிடைக்கும்? இதை இலக்கியம் படிக்கிறவன் கேலி செய்யக்கூடாது என்று தோன்றியது. நாம் எழுத்தில் செய்வதை அவர் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் செய்திருக்கிறார்.

மினாரா எழும்ப ஆரம்பித்ததும் உள்ளூர் இந்துக்கள் சிலர் அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். மேலே ஏறி நின்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் முற்றம் தெரியும் என்று. ரொம்ப நியாயமான புகார். இறையியலே இல்லாத, அக்கம்பக்கத்துச் சண்டை. இதற்கு நேர் எதிராக நம் நாகூரை நினைத்துக்கொண்டேன். அங்கே இருப்பதிலேயே உயரமான மனாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

பணமில்லாமல் வேலை நின்றது. 1908இல் குலாம் அஹ்மத் இறந்தார், தன் மினாராவை முழுதாகப் பார்க்காமலே. 1914இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி லாகூருக்குப் போனது. அந்த வருடமே அவருடைய மகன், இரண்டாம் கலீஃபா, கட்டுமானத்தை மறுபடி தொடங்கி 1916இல் முடித்தார். சுமார் 105 அடி உயரம். ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அந்த ஞாபகம்தான் வந்தது. 1939இல் அவர்கள் கொடி செய்துகொண்டபோது அதிலும் இந்த மினாரா ஏறியது.

கட்டடம் என்ற அளவில் எனக்கு மினாரா சுமார்தான். அழகாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே தன்னை விளக்கிக்கொள்கிறது. அதன் நிழலில் ஒரு மூலையில் கிடக்கும் அந்த அப்பாவின் அடக்கத்தலம் எதையும் விளக்குவதில்லை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

1947 இந்தப் பள்ளியின் பொருளை இன்னொரு தடவை மாற்றியது. குர்தாஸ்பூரின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. ஆகஸ்ட் 31 அன்று கலீஃபா லாகூருக்குப் போனார், மறுவருடம் ரப்வா என்ற புது ஊர் உருவானது. கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்ட அந்த மாதங்களில் காதியானில் 313 பேர் பள்ளிகளையும் அடக்கத்தலத்தையும் பார்த்துக்கொள்ளத் தங்கினார்கள். தர்வேஷ்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். பத்ருப் போரில் நபியோடு நின்றவர்களின் எண்ணிக்கை 313. அதற்காகவே அந்த எண். இதுவும் ஒரு உருவகம்தான், ஆனால் இந்தத் தடவை ஆட்களால் ஆனது. சுற்றிலும் மேற்கிலிருந்து எல்லாம் இழந்து வந்த சீக்கியர்களும் இந்துக்களும். நடுவில் சில தெருக்களுக்குள் இவர்கள். இதைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

பிறகு நடந்த திருப்பம்தான் விசித்திரம். முஸ்லிம்களுக்கென்று உருவான நாட்டில், ரப்வாவில், அவர்கள் பாங்கு சொல்ல முடியாது. 1984க்குப் பிறகு நான்காம் கலீஃபா லண்டனுக்குப் போய், 1926இல் திறந்த ஃபஸ்ல் பள்ளியில் இருந்துகொண்டு இயக்கத்தை நடத்தினார். (பெர்லினில் பள்ளி கட்டவென்று பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்துச் சேர்த்த பணம், பெர்லின் திட்டம் நின்றுபோனதால், அந்த லண்டன் பள்ளிக்குப் போனது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) முஸ்லிம்கள் விட்டுப்போன கிழக்குப் பஞ்சாபில், காதியானில், நான் நின்ற அன்று அஸருக்கு பாங்கு கேட்டது. அதே வாசகங்கள். எங்கள் கோவளத்தில் கேட்பதுதான்.

இந்தியச் சட்டம் இவர்களை முஸ்லிம்களாகவே பார்த்து வந்திருக்கிறது. 1917இல் பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு முங்கேர் பள்ளி வழக்கு வந்தது. அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள்தான், மற்றவர்களோடு அந்தப் பள்ளியில் தொழலாம், ஆனால் தங்களுக்கென்று தனி இமாமை நிறுத்தித் தனி ஜமாஅத் நடத்த முடியாது என்றது. 1922இல் நம் சென்னை உயர் நீதிமன்றம். மலபாரில் ஒருவர் அஹ்மதியாவாகிவிட்டார். அவர் மதம் மாறிவிட்டதால் திருமணம் முறிந்தது என்று மனைவி மறுமணம் செய்துகொண்டார். அஹ்மதியாவாவது மதம் மாறுவதாகாது என்று தீர்ப்பு. தாராளமான தீர்ப்பு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நானும் காட்டுகிறேன். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படிப்பட்ட தீர்ப்பு என்று மட்டும் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பிலும் அஹ்மதியா இஸ்லாத்தின் ஒரு பிரிவுதான். 2023இல் ஆந்திர வக்ஃபு வாரியம் இவர்களைக் காஃபிர்கள் என்று தீர்மானித்தபோது அப்படிச் சொல்ல வாரியத்துக்கு அதிகாரமில்லை என்றது மத்திய அமைச்சகம்.

சட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் 2009இல் சென்னை ராயப்பேட்டை கபர்ஸ்தானில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு அஹ்மதியா பெண்ணின் உடலை, எதிர்ப்பு வந்ததும் தோண்டியெடுத்து வேறு இடத்தில் அடக்கினார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். செய்தியை அத்தாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“காதியானின்னா அப்படித்தான். அவங்களுக்கு வேற எடம் இருக்கும்ல,” என்றார்.

“மய்யத்தைத் தோண்டறது சரியாத்தா?”

“அது வேற.”

எது வேற என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தா கெட்டவர் இல்லை. நபித்துவம் முஹம்மது நபியோடு முடிந்தது என்பது அவருக்குக் கொள்கை விளக்கமல்ல, மூச்சு. அதில் கை வைத்தவர்களிடம் அவரால் பொறுமையாக இருக்க முடியாது. அதை நான் சின்ன விஷயமாக்கவும் விரும்பவில்லை. அஹ்மதியாக்களும் மற்ற இமாம்களுக்குப் பின்னால் நின்று தொழுவதில்லை, இந்தக் கதவு இரண்டு பக்கமும் சாத்தியிருக்கிறது. ஆனால் அதே அத்தாதான், அதற்குச் சில வருடம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தர்காவுக்குப் போவது சமாதி வழிபாடு, போகிறவன் முஸ்லிமே இல்லை என்று அச்சடித்திருந்தது. தர்கா என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் குறி. கந்தூரிக்கு உழைத்து உழைத்து வளர்ந்த மனிதர். கிழித்துப்போடவும் இல்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஞாபகமிருக்கிறது.

காதியானி என்ற சொல்லையும் இங்கே சொல்லவேண்டும். காதியான் ஊர்க்காரர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, கோவளத்தார் என்பது போல. ஆனால் அத்தாவின் வாயில் அது வசைச்சொல். எங்கள் இதழ்களிலும் அப்படித்தான். எழுதுகிறவன் இதையெல்லாம் பார்க்காமல் மொழிநடை ஆராய்ச்சி செய்கிறான் என்றால், அவன் கட்டுரையை அந்த வாசகர் நாலு வரியில் கவிழ்த்தது சரிதான்.

பழைய கட்டுரையில் அந்தக் குறியை நீக்கச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். “ஒரு குறிக்காகவா?” என்று கேட்டுவிட்டு நீக்கிவிட்டார்.

திரும்பி வந்த பிறகு கோவளத்துக்குப் போனபோது காதியானுக்குப் போனதை அத்தாவிடம் சொன்னேன். முர்தஸாவின் கிராமங்களையும் வழக்குகளையும் சொன்னபோது ஆர்வமாகக் கேட்டார், எங்கள் குடும்பத்திலும் ஒரு நில வழக்கு உண்டு. விருந்தினர்களுக்குச் சோறு போடும் லங்கரில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டதைச் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மினாராவைப் பற்றிச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

“அங்க தொழுதியா?”

“தொழுதேன். அவங்களோட இல்ல. ஜமாஅத் முடிஞ்சதும் தனியா, ஒரு ஓரமா.”

“என்ன வக்து?”

“அஸர்.”

“எத்தன ரக்அத்து?”

“ரெண்டு. பயணத்துல இருந்தேன்ல, கஸ்ரு.”

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“அது சரிதான்,” என்றார்.